ஒரு ஜோடி ஷூவும் ஒரு நல்ல பிரதிக்கினையும்



சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் ஒரு தாயார் கோவில் வாசலில் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்கள். அவர்களுடைய மகன் கல்லூரியில் படிக்கிறான். பிளாஸ்டிக் குப்பையிலிருந்து செய்த ஷூ வேண்டுமென்று ஒரு மாதமாய்ப் பிடிவாதம் பிடிக்கிறான். காலில் இருக்கிற ஷூவோ இன்னும் கிழியவில்லை. "இது நன்றாய்த்தானே இருக்கிறது, எதற்கடா இன்னொன்று?" என்று தாயார் கேட்டால், "இது வீண் செலவு இல்லை அம்மா, பூமிக்குச் செய்கிற புண்ணியம்" என்று பதில் சொல்லுகிறானாம். "சுவாமி, அவன் சொல்வது சரிதானா? புண்ணியத்தைக் கடையில் விலைக்கு வாங்கலாமா?" என்று கேட்டார்கள்.

வாசலில் நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. அன்றியும் அது அந்த ஒரு வீட்டின் கேள்வி மாத்திரமல்ல, நம் எல்லாருடைய கேள்வியுமாயிருக்கிறது. ஆகையால் இந்த வாரம் அதைப்பற்றியே சற்று யோசிப்போம்.

*அந்த ஷூ எப்படிப்பட்டது?*

குப்பையிலிருந்து ஷூ செய்கிற வேலை இன்று உலகத்தில் பல இடங்களில் நடக்கிறது. 2015-ம் வருஷம் ஜூன் மாதத்தில், கடற்குப்பையிலிருந்தும் பிடிபட்ட மீன்வலைகளிலிருந்தும் எடுத்த நூலால் செய்த ஒரு ஷூவை அடிடாஸ் கம்பெனியார் நியூயார்க் நகரில் ஐக்கிய நாடுகள் சபையில் காட்டினார்கள். நம் தேசத்தில் இம்முயற்சியில் பேர் பெற்றவர் ஆஷய் பாவே என்ற வாலிபர். துபாயில் மாணவராயிருந்தபோது 2017-ல் இந்த யோசனையைத் தொடங்கி, 2021-ல் 'தைலி' என்ற சிறு கம்பெனியை ஏற்படுத்தினார். இந்தியில் தைலி என்றால் பை. அப்போது அவருக்கு வயது 23.

ஒரு ஜோடி ஷூவுக்கு 10 பிளாஸ்டிக் பைகளும் 12 பிளாஸ்டிக் பாட்டில்களும் சேருகின்றன என்பது அந்தக் கம்பெனியார் சொன்ன கணக்கு. பைகளை வெந்நீரில் கழுவி உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, சூட்டாலும் அழுத்தத்தாலும் தோலைப்போன்ற தகடாக்குகிறார்கள். அதை வெட்டித் தைத்தால் ஷூவின் மேற்பாகம். பாட்டில்களை நொறுக்கி, உருக்கி, நூலாக இழுத்து நெய்த துணி உட்புறத்துக்கும், கட்டுகிற நாடாவுக்கும் ஆகிறது. அடிப்பாகம் பழைய ரப்பர். பஞ்சாபிலுள்ள ஜலந்தரில் இவற்றைத் தைத்தார்கள். 2021-ல் சொன்ன விலை 99 டாலர். அன்றைய மதிப்பில் ஏழாயிரம் ரூபாய்க்குமேல்.

*இது நல்ல வேலையா?*

சந்தேகமில்லாமல் நல்ல வேலைதான். அதை முதலில் சொல்லிவிடவேண்டும். வாலிபர் ஏதாவது புதிதாய்ச் செய்தால் உடனே குறைசொல்லுகிற பழக்கம் பெரியவர்களாகிய நம்மிடம் உண்டு. சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடந்த பையை, மாடு தின்று வயிறு வீங்கிச் சாகக் காரணமாகிற பையை, ஒருவன் எடுத்துக் கழுவி மனிதருக்கு உபயோகமான ஒரு பொருளாக்கினால் அவனை ஆசீர்வதிக்கத்தான் வேண்டும்.

சேசுநாதர் சுவாமி ஐந்து அப்பங்களைப் பலுகச்செய்து ஐயாயிரம் பேரைப் போஷித்த புதுமையை நினைத்துப் பாருங்கள். அர்ச். அருளப்பர் தம் சுவிசேஷத்தில் அதைச் சொல்லும்போது ஒரு சிறு காரியத்தையும் மறக்காமல் எழுதிவைத்தார். எல்லாரும் சாப்பிட்டுத் திருப்தியானபின், ஒன்றும் வீணாகாதபடி மீந்த துண்டுகளைச் சேர்த்து எடுக்கும்படி சுவாமி சீஷர்களுக்குக் கட்டளையிட்டார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. நினைத்த மாத்திரத்தில் அப்பத்தை உண்டாக்க வல்லவர் மீதியைப்பற்றி ஏன் கவலைப்படவேண்டும்? கொடுத்தவர் சர்வேசுரன் என்பதால் கொடுக்கப்பட்டதில் அற்பமானது ஒன்றுமில்லை என்று நமக்குப் படிப்பிக்கவே. ஆகையால் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கிச் சேர்க்கிற கை சுவிசேஷத்தில் இடம் பெற்ற கை. அந்த வாலிபரின் வேலையை அந்தப் பன்னிரண்டு கூடைகளின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. புல்வெளியில் கிடந்தவை பசித்தவர்கள் சாப்பிட்டு மீந்த துண்டுகள். நம் வீதியில் கிடக்கிற பை அப்படி மீந்ததல்ல. கடையிலிருந்து வீடுவரைக்கும் கால்மணி நேரம் உபயோகப்பட்டு, எந்தச் சேதமும் இல்லாமலே எறியப்பட்டது.

*பையின் பேரில் குற்றமா?*

பிளாஸ்டிக்கைப் பிசாசின் வேலை என்று பேசுகிறவர்கள் உண்டு. அப்படிப் பேசுவது சரியல்ல. இரத்தம் ஏற்றுகிற குழாயும், மருந்தேற்றுகிற ஊசியின் குழலும் பிளாஸ்டிக்கே. இன்று நாம் காண்கிற கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பையை உருவாக்கியவர் ஸ்வீடன் தேசத்து எஞ்சினியரான ஸ்டென் குஸ்தாஃப் துலின். 1965-ல் அமெரிக்காவில் அதற்குப் பதிவுரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுகின்றனவே, அதைக் குறைக்கலாம் என்பது அவருடைய எண்ணமாயிருந்தது என்றும், அவர் எப்போதும் ஒரு பையை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்திருந்து திரும்பத் திரும்ப உபயோகித்தார் என்றும் அவருடைய குமாரர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பாருங்கள், மரத்தைக் காப்பாற்றவென்று செய்யப்பட்ட பை, உறுதியாய் இருக்கவென்று செய்யப்பட்ட பை. அந்த உறுதிதான் இன்று மண்ணுக்கும் கடலுக்கும் சுமையாயிற்று. பையின் சுபாவம் மாறவில்லை. பலமுறை எடுத்துப்போகவேண்டியதை ஒருமுறையோடு எறிந்துவிடுகிற நம்முடைய வழக்கம்தான் இடையில் வந்தது. சிருஷ்டிப் பொருள் எதுவும் தன்னில் பொல்லாததல்ல, அதை உபயோகிக்கிற மனதில்தான் ஒழுங்கும் ஒழுங்கீனமும் இருக்கிறது என்று திருச்சபை எப்போதும் படிப்பித்து வருகிறது.

*ஒரு சிறு கணக்கு*

இப்போது அந்த மகன் சொன்ன புண்ணியத்துக்கு வருவோம். கணக்குப்போடத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பம் நாளொன்றுக்கு இரண்டு பிளாஸ்டிக் பைகளை வாங்கி எறிகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்கறிக்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று. பத்துப் பைகள் ஐந்து நாளில் சேர்ந்துவிடும். ஒரு ஜோடி ஷூ இரண்டு வருஷம் உழைக்குமென்றால் அதற்குள் அந்த வீட்டிலிருந்து 1,460 பைகள் வெளியே போயிருக்கும். ஷூவுக்குள் போனவை பத்து. மற்ற 1,450 எங்கே?

உலகக் கணக்கும் இப்படியே இருக்கிறது. 1950 முதல் 2015 வரையில் மனிதர் உண்டாக்கிய பிளாஸ்டிக் ஏறக்குறைய 830 கோடி டன் என்று 2017-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதில் 630 கோடி டன் 2015-க்குள்ளேயே குப்பையாகிவிட்டது. அந்தக் குப்பையில் மறுபடியும் உபயோகத்துக்கு வந்தது நூற்றுக்கு ஒன்பது பங்குதான். பன்னிரண்டு பங்கு எரிக்கப்பட்டது. மிச்சமெல்லாம் குப்பைமேட்டிலும் நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது.

இன்னுமொன்று. பாட்டிலை நூலாக்கினால் அந்த நூலை மறுபடியும் பாட்டிலாக்குவது எளிதல்ல. ஷூவிலோ தகடும் துணியும் ரப்பரும் பசையும் தையலுமாய் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. தேய்ந்தபின் அவற்றைப் பிரித்தெடுப்பது வெகு பிரயாசை. ஆக, குப்பைக்கு நாம் கொடுத்தது ஒரு தவணை. சில வருஷம் கழித்து அது திரும்பவும் நம் வாசலுக்கு வரும்.

*அபராதமும் பிரதிக்கினையும்*

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை எத்தனை என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோமல்லவா? ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை, குருவிடம் வெளிப்படுத்துதல், அபராதம் தீர்த்தல் என்று ஐந்து. இந்த ஐந்தில் ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டால் என்னவாகும்?

ஒருவன் பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடிச் சமைத்துத் தின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கோழிக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுகிறான். கொடுக்கும்போதே, "அடுத்த சனிக்கிழமையும் ஒன்றைப் பிடிப்பேன், அதற்கும் பணம் கொடுத்துவிட்டால் போகிறது" என்று மனதில் நினைத்துக்கொள்ளுகிறான். அவன் கொடுத்த பணம் மெய்யான பணம். கோழிக்காரருக்கு நஷ்டம் தீர்ந்தது, அதில் பொய்யில்லை. ஆனால் அவன் மனந்திரும்பினான் என்று யாராவது சொல்வார்களா? பிரதிக்கினை இல்லாத அபராதம் அயலானுடைய நஷ்டத்தை ஈடுசெய்யும்; திருடனுடைய மனதை மாற்றாது.

குப்பையில் செய்த ஷூவும் இப்படியே. பத்துப் பைகள் சாக்கடையிலிருந்து எழுந்தது மெய்யான நன்மை. அந்த நன்மை யார் வாங்கினாலும் நன்மைதான். ஆனால் அதை வாங்கியவனுடைய மனம் அதனால் மாத்திரம் மாறிவிடுவதில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வெறுங்கையோடு நின்று, "ஒரு பை கொடுங்கள்" என்று கேட்கிறவன், பரிகாரத்தைக் காலில் அணிந்துகொண்டு குற்றத்தைக் கையில் வாங்குகிறான்.

இதைப் படித்துவிட்டு, பிளாஸ்டிக் பையை வாங்கியதெல்லாம் சாவான பாவம் என்று யாரும் மனக்கலக்கம் அடையவேண்டாம். வேலை முடிந்து இருட்டில் ஓடிவந்து மீன் வாங்குகிற தாய்க்கும், யோசனையற்ற வழக்கத்தால் வாங்கி எறிகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. ஆண்டவர் அதை அறிவார். ஆனால் வழக்கம் என்று சொல்லி ஆத்தும சோதனையையே தள்ளிவைப்பது நல்லதல்ல.

*நம்பிக்கைக்கு விரோதமான இரண்டு குற்றங்கள்*

தேவ நம்பிக்கைக்கு விரோதமாய் இரண்டு வழியில் தவறலாம் என்று படித்திருக்கிறோம். ஒன்று அவநம்பிக்கை, மற்றொன்று மிதமிஞ்சிய வீண் நம்பிக்கை. குப்பை விஷயத்திலும் இந்த இரண்டும் நம்மிடையே உலாவுகின்றன.

வீண் நம்பிக்கை சொல்லுகிறது: "கெட்டிக்கார வாலிபர்கள் இருக்கிறார்கள், மெஷின் இருக்கிறது, எல்லாவற்றையும் ஷூவாகவும் சட்டையாகவும் மாற்றிவிடுவார்கள். நாம் எறிந்துகொண்டே இருக்கலாம்." சாகும்போது குருவானவர் வருவார், இப்போது என்ன அவசரம் என்று சொல்லுகிறவனுடைய பேச்சும் இதுவும் ஒன்றே.

அவநம்பிக்கை சொல்லுகிறது: "கோடிக்கணக்கான டன்னில் என் ஒரு பை என்ன? தொழிற்சாலைகள் செய்கிற அக்கிரமத்துக்கு நான் துணிப்பை தூக்கி என்ன பயன்?" தொழிற்சாலைகளின் கடமை பெரிதுதான். அவர்களிடம் நியாயம் கேட்கவும் வேண்டும். ஆனாலும் தீர்ப்பு நாளில் நம்மிடம் கேட்கப்படுவது நம் கையில் கொடுக்கப்பட்டதன் கணக்கு. உக்கிராணக்காரன் தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டதற்கல்லவா கணக்குச் சொல்லவேண்டும்? விதவை போட்ட இரண்டு காசால் தேவாலயத்துச் செலவு தீர்ந்துவிடவில்லை. ஆயினும் சுவாமி அதைக் கவனித்தார்.

*ஏழையின் செருப்பு*

"சுவாமி, ஏழாயிரம் ரூபாய் ஷூவைப்பற்றி எங்களுக்கு என்ன?" என்று நம் குடும்பங்களில் பலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதில் உண்டு.

நம் கிராமங்களில் டயர் செருப்பு என்று ஒன்று இருந்தது பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். லாரி டயர் தேய்ந்துபோனால் அதை வெட்டி அடியாக்கி, அதிலேயே வார் வைத்து ஆணியடித்துக் கொடுப்பார்கள். முள்ளும் கல்லும் அதை ஒன்றும் செய்யாது. பூமிக்குப் புண்ணியம் செய்கிறோம் என்று சொல்லி அதை யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. உழைக்கும் என்பதால் வாங்கினார்கள், தேயும்வரை போட்டார்கள். தைலிக்கு எத்தனையோ வருஷம் முன்பே குப்பையிலிருந்து செருப்பு செய்தவர்கள் அவர்கள்.

இன்றும் வார் அறுந்த செருப்பைத் தெருமுனையில் உட்கார்ந்திருக்கிற தொழிலாளியிடம் கொடுத்துத் தைத்துப் போட்டுக்கொள்ளுகிறவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். பிள்ளைகள் சிலர் அதற்கு வெட்கப்படுகிறார்கள். வெட்கப்படவேண்டாம். தைத்த செருப்பு குப்பைக்குப் போகாத செருப்பு. ஒரு ஏழைக்கு அன்றைய கூலியும் கிடைத்தது. நல்ல காரியம் செய்கிறோம் என்று தமுக்கடித்துக்கொள்ளாமலே செய்த நல்ல காரியம் அது. வலதுகை செய்வதை இடதுகை அறியவேண்டாம் என்ற படிப்பினைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே தேடுவது? குப்பையில் செய்தது என்று எல்லாரும் பார்த்து மெச்சவே ஒருவன் ஷூ வாங்கினால், தெருமுனையில் நின்று ஜெபித்த வேஷக்காரனைப்போல அவன் தன் பலனை அப்போதே பெற்றுக்கொண்டான்.

*குனிந்து எடுக்கிறவர்கள்*

இன்னும் ஒருவரை நாம் நினைக்கவில்லை. அந்தப் பத்துப் பைகளும் பன்னிரண்டு பாட்டில்களும் தாமாக நடந்து தொழிற்சாலைக்குப் போகவில்லை. யாரோ குனிந்து எடுத்தார்கள். நம் தேசத்தில் இலட்சக்கணக்கான ஏழைகள், ஸ்திரீகளும் வயதானவர்களும், குப்பையில் கைவிட்டுத் தேடி அன்றாட ஜீவனம் நடத்துகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் காலில் செருப்பில்லாமல் நடக்கிறார்கள்!

அவர்களுக்கு நாம் செய்வது என்ன? மீந்த குழம்பையும், உடைந்த கண்ணாடியையும், பழைய பிளேடையும், குழந்தையின் அசுத்தத் துணியையும் ஒரே பையில் போட்டு முடிச்சுப் போட்டு வாசலில் வைக்கிறோம். முடிச்சைப் போட்ட கை நம்முடையது, அவிழ்க்கிற கை அவர்களுடையது. ஈரக்குப்பை, உலர்ந்த குப்பை, ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கவேண்டுமென்று 2016-ல் வந்த மத்திய அரசாங்க விதிகள் சொல்லின. அரசாங்கம் சொல்லாவிட்டாலும் பிறர்சிநேகம் சொல்லியிருக்கும். அயலான் யார் என்று கேட்ட நியாயசாஸ்திரிக்குச் சுவாமி சொன்ன உவமையில் அயலான் வழியோரத்தில் கிடந்தான். நம்முடைய அயலான் நம் குப்பைத் தொட்டியண்டையில் நிற்கிறான்.

*திருச்சபையின் குரல்*

பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் 'லவுதாத்தோ சீ' என்ற சுற்று நிருபத்தை வெளியிட்டார். பொருள்களை உபயோகித்து உடனே எறிகிற வழக்கமும், ஏழைகளையும் முதியோரையும் உபயோகமற்றவர்களென்று ஒதுக்குகிற வழக்கமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்று அதில் எடுத்துக்காட்டினார். பையை எறிந்து பழகிய கை ஒருநாள் மனிதனையும் எறியத் துணியும் என்பதே அதன் கருத்து. அந்த நிருபத்தின் பெயர் அர்ச். பிரான்சிஸ் அசிசியார் பாடிய கீதத்திலிருந்து எடுத்தது. அவரை 1979-ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இயற்கையைப் பேணுவோருக்குப் பாதுகாவலராக அறிவித்தார்.

அந்த அசிசியார், அப்போஸ்தலர்களைச் சுவாமி அனுப்பிய சுவிசேஷ வாக்கியத்தைப் பூசையில் கேட்டவுடனே தம் காலிலிருந்த செருப்பைக் கழற்றிவிட்டார் என்று அவருடைய சரித்திரம் சொல்லுகிறது. நம்மை அவர் வெறுங்காலோடு நடக்கச் சொல்லவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன்னே, "இது எனக்கு வேண்டியதுதானா?" என்று கேட்கிற சுயாதீனத்தை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

*தாயாருக்குப் பதில்*

ஆகையால் அம்மா, உங்கள் மகனுக்கு இப்படிச் சொல்லுங்கள். அவன் ஆசை நல்ல ஆசை. குப்பையைப்பற்றி இவ்வளவு யோசிக்கிற பிள்ளைக்காகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் செய்யுங்கள். ஆனால் காலில் இருக்கிற ஷூ முதலில் தேயட்டும். தேயுமுன்னே அதை எறிந்துவிட்டு வேறொன்று வாங்கினால், ஒரு குப்பையைக் குறைக்க இன்னொரு குப்பையை உண்டாக்கினவன் ஆவான். தேய்ந்தபின், கையில் பணமும் இருந்தால், அந்த ஷூவைச் சந்தோஷமாய் வாங்கிக்கொள்ளட்டும். அதற்குள் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நாளைமுதல் வீட்டுக்குக் காய்கறி வாங்குகிற பொறுப்பை அவனிடம் கொடுங்கள், துணிப்பையையும் அவன் கையிலேயே கொடுங்கள். ஒரு வாரம் ஒரு பையும் வாங்காமல் வந்தானானால் ஒரு ஜோடி ஷூவுக்குப் போகிற பைகளைவிட அதிகமாய்த் தடுத்துவிட்டான். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நம் எல்லாருக்கும் இந்த வாரத்துக்கு மூன்று பிரதிக்கினைகள் சொல்லுகிறேன். முதலாவது, வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பையை மாட்டிவைத்து, வெளியே போகும்போது எடுத்துப்போவது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம் மஞ்சள் பையை மறுபடியும் எடுக்கச் சொன்னது நம் பாட்டனார் செய்ததைத்தானே? இரண்டாவது, குப்பையைப் பிரித்து வைப்பதோடு, எடுக்க வருகிறவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மரியாதையாய்ப் பேசுவது. மூன்றாவது, வரப்போகிற நம் பங்குத் திருநாள் சாப்பாட்டில் எறிகிற கப்புகளை விலக்கி, வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவருவது. சென்ற வருஷம் தேர்ச் சப்பரம் இறங்கிய மறுநாள் காலையில் கோவிலுக்குப் பின்னால் கிடந்த குவியலை நான் கண்டேன். அதை எடுத்துச் சுத்தம்செய்தவர் நம் பங்கைச் சேர்ந்தவரல்ல.

மோயீசன் எரிகிற முட்செடியை நெருங்கியபோது, நிற்கிற இடம் பரிசுத்தமானதென்று கேட்டுத் தன் பாதரட்சையைக் கழற்றினார். எப்படிப்பட்ட செருப்பைப் போடுவது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு, நாம் எப்படிப்பட்ட தரையில் நிற்கிறோம் என்பதையும் சொல்லிக்கொடுப்போம். ஆண்டவர் நமக்கும் நம் குடும்பங்களுக்கும் அந்த வரத்தைக் கட்டளையிடுவாராக.